எல்லை தவறாத செய்தி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

என் தாத்தா நெல் அளந்தவர். தஞ்சை மாவட்டத்துக் களத்துமேடுகளில் மரக்காலும் கையுமாக ஏறத்தாழ 40 ஆண்டுகள் நின்றவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அவர் அளந்த கணக்கில் ஒரு மரக்கால் கூடியது, குறைந்தது என்று எவரும் சொன்னதில்லை என்பர் எங்கள் ஊரார். அவர் எண்ணும்போது 'ஒன்று' என்று தொடங்கமாட்டார், 'லாபம்' என்பார். அதன் பிறகுதான் இரண்டு, மூன்று, நான்கு. 12 மரக்கால் நிறைந்தால் ஒரு கலம். அடுத்த மரக்காலுக்கு மறுபடியும் 'லாபம்'. மங்கலச் சொல்லால் தொடங்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அதில் வேறொரு பயனும் இருந்ததை நான் கல்லூரிக்கு வந்த பிறகே உணர்ந்தேன். களத்தோரம் அமர்ந்து கலத்துக்கு ஒரு கோடு கிழிக்கும் கணக்கர் நடுவில் சற்றுக் கண்ணயர்ந்தாலும், அடுத்த 'லாபம்' காதில் விழுந்தவுடன் புதுக் கலம் தொடங்கிற்று என்று அறிந்துகொள்வார்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தாத்தா அளக்கும்போது அருகில் எவரும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. ஒருமுறை ஏழாவது மரக்கால் விழும் நேரத்தில், நெல் வாங்க வந்தவர் ஒருவர் "என்ன பெரியவரே, இந்த வருசம் லாபமா?" என்று கேட்டுவிட்டாராம். கணக்கர் ஒரு கோடு கிழித்துவிட்டார். தாத்தா அளந்த நெல்லை அப்படியே கொட்டிவிட்டு முதலிலிருந்து அளந்தாராம். இதை அவர் கோபமாகத்தான் சொல்வார். கேட்கிற நாங்கள் சிரிப்போம்.

இந்த ஆண்டு கணினி வலைப்பின்னல் பாடத்தில், ஒத்தியங்கும் இணைப்புகளில் சட்டகங்களின் எல்லையைக் காப்பது எப்படி என்ற பகுதி வந்தபோது, எனக்கு அந்தக் களத்துமேடே நினைவுக்கு வந்தது. களத்தில் வாயை மூடு என்று மனிதரிடம் சொல்லலாம். கம்பியில் ஓடும் செய்தியிடம் அவ்வாறு சொல்ல இயலுமா? அதுவே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் இணைப்பின் இயல்பைக் காண்போம். இரண்டு ஊர்களில் இரண்டு கணினிகள்; இடையே அவற்றுக்கென்றே ஒரு கம்பி. வேறு யாரும் அதில் பேசுவதில்லை. பழைய தட்டச்சுத் தந்தி முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு தொடக்கப் பிட்டும் பின்னால் ஒரு முடிவுப் பிட்டும் சேர்த்து அனுப்புவர். 8 பிட் எழுத்துக்கு 10 பிட் செலவு; கம்பியின் ஐந்தில் ஒரு பங்கு காவலுக்கே போய்விடும். ஒத்தியங்கும் முறையிலோ இந்தக் காவல் பிட்டுகள் இல்லை. இரு முனைகளும் ஒரே கடிகாரத் துடிப்புக்கு இயங்குகின்றன. துடிப்புக்கு ஒரு பிட் வீதம், இடைவெளியே இல்லாமல் பிட்டுகள் வந்துகொண்டே இருக்கும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடிகாரம் ஒத்துப்போனால் எல்லாம் ஒத்துப்போயிற்று என்று எண்ணுகிறோம். கடிகாரம் காட்டுவது ஒரு பிட் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை மட்டுமே. ஒரு செய்தி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. செய்தி இல்லாத வேளையிலும் கம்பி சும்மா இருப்பதில்லை. பெறும் முனை ஒவ்வொரு துடிப்புக்கும் எதையோ படித்தே தீரும்; படிப்பது பூஜ்யமாக இருக்கும், அல்லது ஒன்றாக இருக்கும். 'ஒன்றுமில்லை' என்று சொல்ல மூன்றாவது எழுத்து அந்த மொழியில் கிடையாது.

நம் பழைய ஓலைச் சுவடிகளிலும் சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது; பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இராது. உ.வே. சாமிநாதையர் போன்றோர் அவற்றைப் பிரித்துப் படித்தது பொருள் அறிந்த புலமையால். பெறும் முனையில் இருக்கும் கருவிக்குப் புலமை கிடையாது. அது பொருளறியாத வாசகர். அவருக்குப் புரியும்படி எல்லையைக் குறித்தாக வேண்டும். அதையும் அந்த இரண்டே எழுத்துகளால், அதே கம்பியில் குறித்தாக வேண்டும்.

இதற்குப் பொறியாளர்கள் பல வழிகளை முயன்றுள்ளனர். இடத்தைக் கொண்டு எல்லையறிவது ஒன்று. தொலைபேசி நிலையங்களை இணைத்த இ-1 என்னும் அமைப்பு இத்தகையது. அதில் ஒவ்வொரு சட்டகமும் 32 அறைகள், அறைக்கு 8 பிட்டு, ஆக 256 பிட்டு. நொடிக்கு 8,000 சட்டகங்கள். பெருக்கினால் நொடிக்கு 20,48,000 பிட்டு. சட்டகம் விட்டுச் சட்டகம் முதல் அறையில் 0011011 என்ற அடையாளம் வரும். அளவு மாறாததால் அடையாளத்தை ஒரு முறை பிடித்துவிட்டால் அடுத்தது எங்கே என்று தேட வேண்டியதில்லை. ஆனால் யாரோ ஒருவரின் பேச்சிலேயே தற்செயலாக 0011011 வந்துவிட்டால்? அதற்காக இடைப்பட்ட சட்டகத்தின் முதல் அறையில் இரண்டாவது பிட்டு எப்போதும் 1 என்று வைத்துள்ளனர். உண்மையான அடையாளத்தில் அந்த இடம் 0. பெறும் கருவி அடையாளத்தைக் காணும். அடுத்த சட்டகத்தில் அந்த 1 இருக்கிறதா என்று பார்க்கும். அதற்கடுத்ததில் அடையாளம் மறுபடி வருகிறதா என்று பார்க்கும். மூன்றும் சரியானால்தான் நம்பும். பெண் பார்க்க வந்தவர்கள் விசாரிப்பதைப் போல!

சட்டகத்தின் நீளம் மாறாதிருந்தால் இது போதும். கணினிச் செய்திகளோ ஒன்று நாலு எழுத்து, மற்றொன்று நாலாயிரம் எழுத்து. ஆகவே சிலர் நீளத்தையே முதலில் எழுதி அனுப்பினர். டி.ஈ.சி. நிறுவனம் 1970களில் வகுத்த டி.டி.சி.எம்.பி. என்ற நெறி அப்படிப்பட்டது: தலைப்பில் 'இத்தனை எழுத்து வருகிறது' என்ற எண்; பிறகு அத்தனை எழுத்து. உள்ளே எது வந்தாலும் கவலையில்லை. ஆனால் அந்த எண்ணிலேயே ஒரு பிட்டு பிசகினால் பெறும் முனை தவறான இடத்தில் போய் அடுத்த தலைப்பைத் தேடும். இதை அறிந்தே அவர்கள் தலைப்புக்கென்று தனியாக ஒரு சரிபார்ப்பு எண்ணும் வைத்தனர். ஐ.பி.எம். நிறுவனம் 1960களில் கொண்டுவந்த பைசிங்க் முறையோ சில எழுத்துகளைத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் என்று ஒதுக்கியது. அவ்வெழுத்துகள் செய்தியிலும் வரக்கூடும் என்றபோது முன்னால் ஒரு விலக்கெழுத்தைச் சேர்த்தனர். விலக்கெழுத்தே செய்தியில் வந்தால் அதை இரட்டித்தனர். வேலை செய்தது. ஆனாலும் எட்டெட்டாகப் பிரியாத செய்திக்கு அது உதவாது.

இவற்றிலிருந்து விலகி, ஐ.பி.எம்.மின் எஸ்.டி.எல்.சி. நெறியும் அதையொட்டி அனைத்துலகத் தர நிறுவனம் வகுத்த எச்.டி.எல்.சி. நெறியும் 1970களில் வந்தன. அவற்றின் வழி வியக்கத்தக்க எளிமை உடையது.

ஐந்து ஒன்றுகளின் விதி

எல்லைக் குறி ஒன்றே ஒன்று: 01111110. நடுவில் ஆறு ஒன்றுகள். இரு பக்கமும் பூஜ்யம். இதைக் கொடி என்பர். சட்டகத்தின் முன்னும் கொடி, பின்னும் கொடி. ஒன்றின் பின் கொடியே அடுத்ததன் முன் கொடியாகவும் இருக்கலாம். சொல்ல ஒன்றும் இல்லாத வேளையில் கொடிகளையே வரிசையாக அனுப்பிக்கொண்டிருக்கலாம். கடிகாரமும் தவறாது, பெறும் முனையும் விழித்திருக்கும். ஏழு அல்லது அதற்கு மேல் ஒன்றுகள் தொடர்ந்து வந்தால் 'இந்தச் சட்டகத்தை மறந்துவிடு' என்று பொருள்.

இனி, செய்திக்குள்ளேயே 01111110 வந்தால் என் செய்வது? இங்கே தாத்தாவின் களத்தில் இல்லாத தந்திரம் வருகிறது. அனுப்பும் முனை செய்தியின் பிட்டுகளை எண்ணிக்கொண்டே போகும். ஐந்து ஒன்றுகள் தொடர்ந்து போனவுடன், அடுத்து வருவது எதுவாக இருந்தாலும், தானாக ஒரு பூஜ்யத்தைச் செருகும். எனவே கொடி தவிர வேறெங்கும் ஆறு ஒன்றுகள் கம்பியில் தொடர்ந்து வர வழியே இல்லை. பெறும் முனை ஐந்து ஒன்றுகளைக் கண்டதும் அடுத்த பிட்டைப் பார்க்கும். பூஜ்யமானால் அது செருகியது, எடுத்து எறியும். ஒன்றானால் அது செய்தியே அன்று. கொடியாகவோ மறந்துவிடச் சொல்லும் குறியாகவோதான் இருக்க முடியும்.

செய்தியே கொடியின் வடிவில் 01111110 என்று இருப்பதாகக் கொள்வோம். கம்பியில் செல்வது 011111010. எட்டு ஒன்பதாயிற்று. மறுமுனையில் ஐந்து ஒன்றுகளுக்குப் பின் உள்ள பூஜ்யம் போய்விட, மீண்டும் 01111110.

'அடுத்து வருவது எதுவாக இருந்தாலும்' என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்தத் தொடருக்காகவே இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

எங்கள் வகுப்பில் கைமாறி வந்த ரெக்கார்டு நோட்டு ஒன்றில் இந்த விதி வேறு விதமாக இருந்தது. 'ஐந்து ஒன்றுகளுக்குப் பின் ஆறாவதும் ஒன்றாக இருப்பின் ஒரு பூஜ்யம் செருகுக' என்பது அதன் வாசகம். அண்ணன்மார் எழுதியது, அவர்களுக்கு அவர்களின் அண்ணன்மார் கொடுத்தது. கேட்டால் நியாயமாகவே படும். ஆறாவது பூஜ்யமாக இருந்தால் ஆறு ஒன்றுகள் சேரப்போவதில்லை; ஆபத்து இல்லாத இடத்தில் எதற்கு வீணாக ஒரு பூஜ்யம்? எல்லாரையும் போல நானும் அப்படியே எழுதினேன். ஒரு நிரல் பிட்டுகளைச் செருகிக் கோப்பில் எழுதும். மற்றொரு நிரல் அந்தக் கோப்பைப் படித்து, ஐந்து ஒன்றுகளுக்குப் பின் வரும் பூஜ்யத்தை எடுத்துவிடும். நோட்டில் இருந்த சோதனைச் செய்தி 01111110. போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. கையொப்பமும் வாங்கியாயிற்று.

ஒரு நாள் பிற்பகல், பேருந்துக்கு நேரம் இருந்ததால், விளையாட்டாக அந்த நிரலின் எழுத்துகளையே அதற்குச் செய்தியாகக் கொடுத்தேன். சி மொழி நிரல்களின் முதல் வரியை அறிவோம்: கோண அடைப்புக்குள் 'எஸ்டிடிஐஓ' கோப்பின் பெயர். அந்த வரி முழுவதும் ஒழுங்காக வந்தது. இரண்டாம் வரியிலிருந்து திரையில் இன்ன மொழி என்று சொல்ல முடியாத கிறுக்கல்.

மூன்று நாள் என் தட்டச்சையே சந்தேகித்தேன். எங்கள் வீட்டில் நோட்டில் எழுதியது தவறாக இருக்கக்கூடும் என்று எவரும் நினைத்ததில்லை. எழுத்து இருக்கிறது என்றால் அது சரி, நாம்தான் தவறு. நான்காம் நாள் நகரப் பேருந்தில் நின்றுகொண்டு கிறுக்கலின் எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டாம் வரியின் முதல் எழுத்து ஆங்கில 'வி'. அதன் எண் 118. வந்திருந்தது 236. அடுத்தது 'ஓ', எண் 111. வந்திருந்தது 222. எல்லாம் சரியாக இரு மடங்கு! இரும எண்ணில் இரு மடங்கு என்றால் ஓரிடம் இடப்பக்கம் நகர்வது. அஃதாவது, எங்கோ ஒரு பிட்டு காணாமற் போய், அதற்குப் பின் வந்தவை எல்லாம் ஓரிடம் முன்னே வந்து நிற்கின்றன.

காணாமற் போன இடம் முதல் வரியின் கடைசிக் குறி. மூடும் கோண அடைப்பின் எண் 62, இருமத்தில் 00111110. ஐந்து ஒன்றுகள், அடுத்து ஒரு பூஜ்யம். அந்தப் பூஜ்யம் செய்திக்கு உரியது. ஆறாவது ஒன்று இல்லை என்பதால் என் அனுப்பும் நிரல் எதையும் செருகவில்லை. பெறும் நிரலோ ஐந்து ஒன்றுகளைக் கண்டதும் பழக்கப்படி பூஜ்யத்தை எடுத்துவிட்டது. வேடிக்கை என்னவெனில், அடுத்த எழுத்தும் பூஜ்யத்தில் தொடங்கியதால் அது அந்தக் காலி இடத்தில் வந்து அமர, அடைப்புக்குறி மட்டும் பழுதில்லாமல் தெரிந்தது. குற்றவாளி நல்லவனாக நிற்க, பின்னால் வந்தோர் எல்லாம் தண்டனை அனுபவித்தனர்.

பெறும் நிரலைத் திருத்தினால் போதுமே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். பூஜ்யத்துக்குப் பின் என்ன வருகிறது என்று பார்த்து, செருகியதா சொந்தமா என்று முடிவு செய்யலாம் என்றார். ஒரு மாலை முழுவதும் முயன்றோம். முடியாது. ஏன் முடியாது என்பதை ஏழே பிட்டில் காட்டலாம். 111111 என்பது ஒரு செய்தி. நோட்டின் விதிப்படி ஆறாவது ஒன்று என்பதால் பூஜ்யம் செருக, கம்பியில் 1111101. இப்போது 1111101 என்பதே மற்றொரு செய்தி. ஆறாவது பூஜ்யம் என்பதால் செருகல் இல்லை, கம்பியில் 1111101. இரண்டு வேறு செய்திகள் கம்பியில் ஒன்றாகவே உள்ளன. இனி எத்தகைய அறிவாளியைப் பெறும் முனையில் உட்கார வைத்தாலும் பிரிக்க முடியாது. சரியான விதிப்படியோ முதலாவது 1111101, இரண்டாவது 11111001. குழப்பம் இல்லை.

இதில் நான் கண்டது ஒன்று. நோட்டின் விதி எல்லையை நன்றாகவே காத்தது. அவ்விதியாலும் ஆறு ஒன்றுகள் கம்பியில் சேரமாட்டா, பொய்க்கொடி எழாது. ஆகவேதான் கொடியை மட்டும் சோதனைக்குக் கொடுத்தவர் யாரும் பிழையைக் காணவில்லை. காக்காமல் விட்டது செய்தியை. ஆறாவது பிட்டு என்ன என்பது அனுப்புவோனுக்குத் தெரியும், பெறுவோனுக்குத் தெரியாது. பெறுவோனுக்குத் தெரியாத ஒன்றை நிபந்தனையாக வைத்து விதி செய்தால் அவன் அதைத் திருப்பிப் போட வழியில்லை. வீணாகத் தோன்றும் அந்தப் பூஜ்யம், அவனுக்கும் நமக்கும் ஒரே விதி இருப்பதற்காகக் கொடுக்கும் விலை.

மாதிரிச் செய்முறைத் தேர்வில் நான் சரியான விதியை எழுதினேன். விடை நோட்டோடு ஒத்துவரவில்லை; இரண்டு மதிப்பெண் குறைந்தது. தயங்கித் தயங்கி விரிவுரையாளர் ஐயாவிடம் போனேன். "வாயால் சொல்லாதே, பலகையில் காட்டு" என்றார். மேலே சொன்ன ஏழு பிட்டையும் எழுதினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சாக்குக்கட்டியை வாங்கி, நோட்டின் வாசகத்தை எழுதி, 'ஆறாவதும் ஒன்றாக இருப்பின்' என்பதை அடித்தார். மறுநாள் வகுப்பு முழுவதும் ரெக்கார்டு நோட்டைத் திருத்தியது. அந்த இரண்டு மதிப்பெண் வந்ததா என்று கேட்போர் உளர். பட்டியல் அதற்குள் அலுவலகத்துக்குப் போய்விட்டது.

கடைசி ஐந்து பிட்டும், கம்பியின் பிழையும்

விதி நிபந்தனையற்றது என்றால் அது கடைசி வரை நிபந்தனையற்றது. சட்டகத்தின் முடிவில், கொடிக்குச் சற்று முன்னால், சரிபார்ப்பு எண் என்ற 16 பிட்டு சேர்க்கப்படும். அந்த எண்ணின் கடைசி ஐந்து பிட்டுகளும் ஒன்றாக அமைந்துவிட்டால்? அடுத்து வருவது கொடி. கொடியின் முதல் பிட்டு பூஜ்யம்தான். இனிச் செருக என்ன தேவை என்று தோன்றும். அங்கும் செருகத்தான் வேண்டும் என்று நெறி தெளிவாகச் சொல்கிறது. செருகாவிட்டால் பெறும் முனை கொடியின் பூஜ்யத்தையே செருகிய பூஜ்யம் என்று எண்ணி எடுத்துவிடக்கூடும். வாசலில் வைத்த அடையாளக் கல்லையே வழியில் கிடந்த கல் என்று அப்புறப்படுத்தியது போல் ஆகும்.

இதுவரை கம்பி பிழையே செய்யாது என்று கொண்டோம். உண்மையில் செய்யும். கொடியின் ஒரு பிட்டு பிசகினால் இரண்டு சட்டகங்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். செய்தியில் ஒரு பிட்டு பிசகி ஆறு ஒன்றுகள் சேர்ந்துவிட்டால் ஒரு சட்டகம் இரண்டாக உடையும். செருகிய பூஜ்யத்தின் முன்னுள்ள ஐந்தில் ஒன்று பிசகினால், எடுக்க வேண்டியதை எடுக்காமல், எஞ்சியவை எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். இம்மூன்றையும் செருகல் தடுப்பதில்லை. அவற்றைப் பிடிப்பது சரிபார்ப்பு எண். 16 பிட் சரிபார்ப்பு எண் தொடர்ந்து 16 பிட்டுக்குள் அடங்கும் எந்தப் பிழைக் கொத்தையும் தவறாமல் காட்டும் என்று பாடத்தில் படிக்கிறோம். செருகல் உள்ள இணைப்பில் இதைச் சற்று யோசித்தே சொல்ல வேண்டும். கம்பியில் பிசகியது ஒரே பிட்டு; ஆனால் அதனால் வால் முழுதும் நகர்ந்துவிட்டால், சரிபார்ப்பு எண்ணின் பார்வையில் அது ஒரு பிட்டுப் பிழை அன்று, நீண்ட பிழை. அப்போது தப்பிப்போகும் வாய்ப்பு ஏறத்தாழ 65,536-இல் ஒன்று என்றுதான் கொள்ளலாம்.

ஆயினும் கொடி முறையின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. எத்தனை பெரிய குழப்பம் நேர்ந்தாலும், பெறும் முனை அடுத்த பிழையில்லாத கொடி வரை காத்திருந்தால் போதும். பழைய கணக்கு எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. கண்ணயர்ந்த கணக்கர் அடுத்த 'லாபம்' கேட்டு விழித்துக்கொள்வது இதுவே.

இந்தக் காவலுக்குச் செலவு எவ்வளவு? பிட்டுகள் ஒழுங்கின்றிக் கலந்து வருவதாகக் கொண்டால், சராசரியாக 62 பிட்டுக்கு ஒரு பூஜ்யம் செருக நேரும்; நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. முழுதும் ஒன்றுகளாகவே உள்ள செய்திக்கு ஐந்துக்கு ஒன்று, நூற்றுக்கு 20. நம் கையிலுள்ள யு.எஸ்.பி. கம்பியிலும் (அதன் 2.0 வரையிலான வகைகளில்) ஆறு ஒன்றுகளுக்குப் பின் ஒரு பூஜ்யம் செருகப்படுகிறது. அங்கு நோக்கம் எல்லை காப்பது அன்று. மாற்றமே இல்லாத நீண்ட ஓட்டத்தில் கடிகாரம் வழுவாமல் இருப்பது.

எட்டெட்டாகவே பிட்டுகளைக் கையாளும் இணைப்புகளில் பிட்டைச் செருகுவது எளிதன்று. 1994-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1662 என்னும் ஆவணம், பி.பி.பி. நெறிக்கு இதற்கும் ஒரு வழி கூறுகிறது. கொடியின் எண் 126. செய்தியில் 126 வந்தால் 125, 94 என்ற இரண்டாக அனுப்பவேண்டும். 125-ஏ வந்தால் 125, 93. இரண்டாவது எண் முந்தையதில் ஒரு பிட்டை மட்டும் புரட்டியது. 126-இல் 32-ஐக் கழித்தால் 94, 125-இல் கழித்தால் 93 என்று வாசகர் சரிபார்த்துக்கொள்ளலாம். சாதாரணச் செய்திக்கு இதனால் 128 எழுத்துக்கு ஓர் எழுத்துதான் கூடும். ஆனால் வேண்டுமென்றே 126-ஆக நிரப்பிய கோப்பை ஒருவர் அனுப்பினால் கம்பியில் அது இரு மடங்காகும். விலையை நிர்ணயிப்பவர் செய்தியை அனுப்புபவர் என்பது எனக்கு உவப்பாக இல்லை. இதே மனக்குறை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டுவர்ட் செஷையர், மேரி பேக்கர் இருவருக்கும் இருந்திருக்க வேண்டும். அவர்கள் 1997-இல் வெளியிட்ட முறையில் எவ்வளவு பொல்லாத செய்தியானாலும் 254 எழுத்துக்கு ஓர் எழுத்துக்கு மேல் கூடாது. அதன் விவரம் தனிக் கட்டுரை கேட்கும்.

அனுப்புபவர் கையில் கம்பியின் நலம் இருப்பது எவ்வளவு தொல்லை என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. சோனெட் என்ற ஒளியிழை இணைப்பில் பி.பி.பி. செய்திகளை அனுப்ப 1994-இல் வகுத்த நெறியில், செய்தி ஏறத்தாழ உள்ளபடியே சென்றது. சோனெட்டுக்கென்று ஒரு கலக்கும் கருவி இருந்தது. ஆனால் அதன் கலக்கு வரிசை 127 பிட்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். அதை அறிந்த ஒருவர் அதற்கேற்ற செய்தியை அமைத்து அனுப்பினால் கம்பியில் மாற்றமே இல்லாத நீண்ட ஓட்டம் உண்டாகி, பெறும் முனை கடிகாரத்தையே இழக்கும். பிட்டின் எல்லையே போனபின் சட்டகத்தின் எல்லையைப் பற்றிப் பேசுவானேன்! 1999-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2615, ஒவ்வொரு பிட்டையும் அதற்கு 43 பிட்டுக்கு முன் கம்பியில் சென்றதோடு சேர்த்துக் கலக்கும் முறையைக் கூட்டியது. முன்னால் யாருடைய பிட்டு சென்றது என்பது அனுப்புபவருக்குத் தெரியாததால் அவரால் திட்டமிட முடியாது.

விடுமுறைக்குப் போனபோது தாத்தாவிடம் இந்தச் செருகல் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டார். "அப்போ களத்துல அந்த வார்த்தையை யாரு வேணும்னாலும் சொல்லலாம்கிறே?" என்றார். "சொல்லலாம் தாத்தா, பின்னாடியே இன்னொரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லணும்" என்றேன். "நெல்லு வாங்க வர்றவன் அதெல்லாம் சேர்த்தா சொல்வான்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை எடுத்தார். அதற்கு என்னிடம் விடை இல்லை. கம்பியில் அனுப்பும் முனைக்கும் பெறும் முனைக்கும் ஒரே நெறி உண்டு. களத்தில் அது தாத்தாவுக்கும் கணக்கருக்கும் இடையில் மட்டும்தான்.

முதலாமாண்டு நண்பர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு கொடிகளுக்கு நடுவே கம்பியில் வந்த பிட்டுகள் இவை: 11111011111001. சரிபார்ப்பு எண் இல்லை என்று கொள்க. சரியான விதிப்படி உள்ளே இருந்த செய்தியில் எத்தனை பிட்டுகள்? பழைய நோட்டின் விதிப்படி அனுப்பியிருந்தால் எத்தனை வெவ்வேறு செய்திகள் இதே வடிவில் வந்திருக்கக்கூடும்? முதல் கேள்விக்கு விடை கண்டோர், அதற்கும் ஒரு கலத்துக்கும் உள்ள உறவைக் கண்டு சிரிக்கலாம். இரண்டாவதைச் செய்தோர் புதன்கிழமை பிற்பகல் ஆய்வகத்துக்கு வரவும். நானும் நண்பரும் அங்கே இருப்போம். எங்கள் விடைகள் இன்னும் ஒத்துவரவில்லை.